எரிவாயு கீசர்: குளியலறைக்குள்ளா, வெளிச்சுவரிலா?

ஐப்பசி அடைமழையிலும் மார்கழிக் குளிரிலும் சன்னலை இறுகச் சாத்திக்கொண்டு குளிக்கும் கும்பகோணத்து வீடுகளில், எரிவாயு கீசரைக் குளியலறைக்குள்ளேயே மாட்டினால் குழாய்ச் செலவு குறையும், வெந்நீரும் உடனே வரும். ஆனால் அடைத்த அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உருவாகி, குளிப்பவர் உணருமுன்பே அவரை மயக்கிவிடும். எக்சாஸ்ட் விசிறி இருந்தால் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. மின்சாரம் நின்றால் விசிறி நிற்கும், பேட்டரியில் பற்றும் கீசரோ எரிந்துகொண்டே இருக்கும்.

கொல்லைப்புற வெளிச்சுவரில், சாரல் படாத கூரையின் கீழ், சன்னலைவிட்டு விலக்கி மாட்டினால் புகை திறந்தவெளியில் கலைந்துவிடும். குழாயின் நீளத்தால் முதலில் வரும் குளிர்ந்த நீரை வாளியில் பிடித்து வாழைக்கு ஊற்றலாம். கசியும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால், சிலிண்டரை மட்டும் பள்ளத்தில் வைக்கக் கூடாது.