டி2 எஃகு மடக்குக் கத்தி: கோத்தகிரியில் ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு

இந்தக் கத்தியின் கூர்மையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சுமார் மூவாயிரம் ரூபாய் விலையில், டி2 எஃகு அலகும், கண்ணாடியிழையும் பிசினும் சேர்த்து அழுத்திய ஜி10 கைப்பிடியும், திறந்த அலகு தானாக மடங்காமல் பிடித்து நிறுத்தும் லைனர் லாக் பூட்டும் கொண்ட இந்த மடக்குக் கத்தி, உரச் சாக்கின் தையலைப் பிரிப்பது, சணல் கயிறும் சொட்டுநீர்க் குழாயும் அறுப்பது, பிளம் மரத்தின் இளங்கிளைகளைக் கழிப்பது என்று தோட்டத்தில் அன்றாடம் உழைத்தும், வாரக்கணக்கில் தீட்டாமலே தாளை வழித்து வெட்டும் கூரைத் தக்கவைத்துக் கொள்கிறது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. வாங்கிய பின் வந்த முதல் வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் அலகில் துரு படர்ந்து, அந்தத் துருவுக்கு அடியில் ஊசியால் குத்தியது போன்ற குழிகளும் விழுந்துவிட்டன. பெட்டியிலோ ‘துருப்பிடிக்காத எஃகு’ என்று அச்சிட்டிருந்தது. இதே எஃகும் இதே அமைப்பும் பல பெயர்களில் விற்பனைக்கு வருகின்றன; கோளாறும் எஃகின் தன்மையையும் நம் மலையின் ஈரத்தையும் சார்ந்தது. ஆகவே கம்பெனியின் பெயரைச் சொல்லாமலே எழுதுகிறேன்.

எஃகு துருவை எதிர்ப்பதற்குக் காரணம் அதில் கலந்துள்ள குரோமியம். அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேற்பரப்பை மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் தானாகவே மறுபடி உண்டாகிறது. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உள்ள எஃகைத் துருப்பிடிக்காத வகையில் சேர்ப்பது வழக்கம். தொழிற்சாலைகளில் தகடு வெட்டும் அச்சுகளுக்குப் பெயர்பெற்ற டி2 எஃகில் 11 முதல் 13 சதவீதம் வரை குரோமியம் இருக்கிறது என்பதால், பெட்டியில் அச்சிட்டதை எண்ணிக்கை அளவில் தவறென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதில் ஏறக்குறைய 1.5 சதவீதம் கார்பனும் இருக்கிறது. அந்தக் கார்பன் குரோமியத்தில் கணிசமான பங்கைத் தன்னோடு பிணைத்துக் கார்பைடு எனப்படும் மிகக் கடினமான துகள்களாக்கி விடுகிறது. கூர் நீண்ட நாள் நிற்பதற்கு அந்தத் துகள்களே காரணம். காக்கும் படலத்துக்குப் போதிய குரோமியம் மிஞ்சாமல் போவதற்கும் அவையே காரணம். நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருப்பதையும், கார்பன் மிகச் சொற்பமாக இருப்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்தப் பாத்திரத்திடம் எதிர்பார்ப்பதை இந்த அலகிடம் ஏன் எதிர்பார்க்க முடியாது என்பது விளங்கும்.

சமவெளியில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாமலே போகலாம். கோத்தகிரியும் குன்னூரும் நீலகிரியின் கிழக்குப் பக்கம் இருப்பதால், கூடலூரையும் அவலாஞ்சியையும் நனைக்கும் ஆடி மழையைவிட ஐப்பசி, கார்த்திகை மழையே எங்களுக்குக் கனமானது. அந்த மாதங்களில் பகலிலும் மஞ்சு வீட்டுக்குள் வரும், துவைத்த துணி நாள்கணக்கில் காயாது, அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கும். குளிர்ந்து கிடக்கும் கருவிக் கொட்டகையிலிருந்து அடுப்பெரியும் சமையலறைக்குள் கத்தியைக் கொண்டு வந்தால், யாரும் தண்ணீர் தொடாமலே அலகு வியர்த்துவிடும். இதற்கு மேல் உரம் வேறு சேர்கிறது. தேயிலைக்கு இடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. எடையில் கிட்டத்தட்டப் பாதி குளோரின். குரோமியப் படலத்தை ஆங்காங்கே உடைத்துத் துளைபோடுவதில் குளோரைடுக்கு இணை கிடையாது. விரல் வியர்வையிலுள்ள உப்பும் அதே வேலையைச் செய்யும், ஆனால் மெதுவாகச் செய்யும். பொட்டாஷ் மூட்டையைப் பிரித்த அலகை ஈரத்தோடு மடக்கினால், அதே இரவில் வேலை தொடங்கிவிடுகிறது. தோட்ட வேலைக்கென்று விற்கப்படும் கத்தி உர மூட்டையைத் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமானது என்றே இன்னமும் நினைக்கிறேன்.

துரு எங்கே பிடித்தது என்பதைக் கவனித்தால் பல விஷயங்கள் தெரிகின்றன. முதலில் பழுப்பேறியது, அலகின் அடிப்பக்கம் லேசரால் ‘டி2’ என்று பொறித்திருந்த எழுத்துகள்தான். லேசரின் சூடு அந்த இடத்தின் மேற்பரப்பைக் கெடுத்துவிடுவதால், பொறித்த எழுத்துகளில் துரு முந்திக்கொள்வது பல கத்திகளிலும் காணப்படுவதே. அடுத்து, அலகு சுழலும் அச்சாணியைச் சுற்றிப் பிறை வடிவில் ஒரு கறை. மூன்றாவதாக, அலகைத் திறக்கும்போது கட்டைவிரல் படும் இடத்தில், ரேகையின் கோடுகள் கூடத் தெரியும்படி ஒரு பழுப்பு முத்திரை. இந்த அலகு மணிச் சிதறலால், அதாவது நுண்ணிய மணிகளை வேகமாக வீசி அடிக்கும் முறையால், சொரசொரப்பாக்கப்பட்ட சாம்பல் நிற மேற்பரப்பு கொண்டது. பார்வைக்கு அழகுதான், ஆனால் அந்த நுண்ணிய மேடுபள்ளங்களில் ஈரமும் உப்பும் தங்கும் என்பதால், பளபளப்பாக மெருகேற்றிய அலகைவிட அது வேகமாகத் துருவேறும்.

துருவை எடுப்பதில் அவசரம் ஆகாது. மேலோட்டமான செந்துருவுக்குத் தையல் மிஷின் எண்ணெயே போதும். துருவின் மேல் தாராளமாக விட்டு, சில மணி நேரம் ஊற வைத்து, பித்தளை நாரால் அல்லது மிக நுண்ணிய ஸ்டீல் உல்லால் அலகின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் முரடானது. அது துருவோடு சேர்த்துப் புதுக் கீறல்களையும் தந்து, அடுத்த துருவுக்கு இடம் தேடிக் கொடுக்கும். எண்ணெயில் அசையாத கறையை ஆப்பசோடாவைக் குழைத்துத் தடவித் தேய்க்கலாம். அதற்கும் மசியாததற்கு எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் இருக்கிறது. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி கரைத்து, துணியில் நனைத்து, கறை மீது மட்டும் சில நிமிடம் வைத்தால் துரு இளகிக் கரைந்து வரும். அலகை அதில் இரவு முழுக்கப் போட்டு வைப்பவர்கள் உண்டு. அமிலம் துருவைத் தின்ற பின் நல்ல எஃகையும் அரிக்கத் தொடங்கி மேற்பரப்பைத் திட்டுத்திட்டாக வெளிறச் செய்யும் என்பதால் அதைச் செய்யவே கூடாது. எடுத்த உடன் ஆப்பசோடா கலந்த நீரிலும் பிறகு நல்ல நீரிலும் கழுவி, துடைத்து, முழுவதும் உலர விட்டு, எண்ணெய் தடவ வேண்டும். உலர்த்துவதற்காக அடுப்புத் தணலில் காட்டுவதை எங்கள் பக்கம் பார்த்திருக்கிறேன். கூர்முனை மிக மெல்லியது என்பதால் சில நொடிகளில் சூடேறிப் பதம் இழந்துவிடும். சாணைக்கல்லில் அழுத்திப் பிடித்தாலும் இதே ஆபத்துதான். விளிம்பில் நீலம் ஓடினால் அந்தப் பகுதியின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம்.

அச்சாணிப் பக்கத்துத் துருவை வெளியிலிருந்து துடைத்துப் பயனில்லை. டார்க்ஸ் எனப்படும் ஆறுமுனைத் திருகுகளைக் கழற்றிப் பிரித்தபோது, வெண்கல வாஷர்களுக்கும் அலகுக்கும் நடுவே எண்ணெயும் மண்ணும் துருவும் கலந்து காய்ந்த கரும்பழுப்புக் களிம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நீலகிரித் தைலம் இதை அருமையாகக் கரைக்கிறது. கைப்பிடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பசையும் அதிலேயே போனது. ஆனால் அது ஆவியாகிவிடும் தைலம். பாதுகாப்புக்குத் தடவும் பொருள் அன்று. கத்தியைப் பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று பல தயாரிப்பாளர்கள் நிபந்தனை வைத்திருப்பதால், திருகில் கை வைக்கும் முன் அதைப் படித்துக்கொள்வது நல்லது.

குழிகள் தனிக்கதை. துருவை முழுக்க எடுத்த பின், கடிகாரக்காரர் வைத்திருக்கும் உருப்பெருக்கி வழியாகப் பார்த்தால், ஒவ்வொரு குழியின் அடியிலும் கறுப்பாக ஏதோ அடைந்திருப்பதும், வாயைச் சுற்றி மெல்லிய செந்நிற வளையம் இருப்பதும் தெரிகின்றன. எண்ணெயில் தோய்த்த பல் குத்தும் குச்சியால் கிளறினால் கறுப்புத் தூள் வெளியே வருகிறது. அதை வெளியே எடுத்தே ஆக வேண்டும். குழிக்குள் ஆக்சிஜன் குறைவு, குளோரைடு அதிகம், நீர் அமிலமாகிவிட்ட நிலை. ஆகவே வெளிப்பரப்பு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அரிப்பு தொடரும். தூளை எடுத்து, உலர்த்தி, எண்ணெயால் நிரப்பினால் அரிப்பு நின்றுவிடும். குழி மறையாது. மறைய வேண்டுமென்றால் அதன் ஆழம் வரை சுற்றியுள்ள எஃகையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்துக் கரைக்க வேண்டும். 400-ஆம் எண் தாளில் தொடங்கி, 800, 1500 என்று ஏறி, 2000-இல் முடிக்கலாம். மேலோட்டமானவை போயின, ஆழமான சில குழிகளை அப்படியே விட்டுவிட்டேன், ஏனெனில் அவை அலகின் பக்கவாட்டில் இருப்பதால் வெட்டுவதற்கு எந்த இடைஞ்சலும் இல்லை. வெட்டு விளிம்பை ஒட்டிய குழி மட்டும் ஆபத்தானது. தீட்டத் தீட்ட விளிம்பு அந்தக் குழியை எட்டும்போது அங்கே ஒரு பல் உடைந்தது தெரியும். அத்தகைய இடத்தை ஆரம்பத்திலேயே கல்லில் தீட்டிக் கடந்துவிடுவதே மேல். மற்றபடி, 2000-ஆம் எண் வரை தேய்த்த பகுதியில் அதன் பிறகு துரு அவ்வளவு எளிதில் பிடிப்பதில்லை என்பது இந்த வேலையில் கிடைத்த நன்மை.

எதைத் தடவுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். எங்கள் வீட்டில் ஆண்டின் பெரும்பகுதி அது பாட்டிலில் கட்டியாகவே இருக்கிறது. விரலால் எடுத்து அலகில் பூசினால் நன்றாகவே காக்கும், ஆனால் அச்சாணிக்குள் இறங்காது, நாள்பட்டால் காறல் வாடையும் வரும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் பிசுபிசுப்பாகிக் காய்ந்துவிடுகின்றன. பேரிக்காயும் எலுமிச்சையும் நறுக்கும் கத்தி என்பதால், மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினே எனக்குச் சரியாகப் படுகிறது. நிறமும் மணமும் இல்லை, கெடுவதில்லை, வாய்க்குள் போனாலும் கேடில்லை. தேயிலைச் சாறில் ஊறவைத்து அலகுக்குக் கறுப்பு ஏற்றும் வழக்கத்தையும் சோதித்துப் பார்த்தேன். தேயிலையின் டானின் இரும்போடு சேர்ந்து நீலக்கறுப்புப் படலம் உண்டாக்கும் என்பது உண்மையே; சாதாரணக் கார்பன் எஃகில் செய்த கவாத்துக் கத்தியில் அது சீராக ஏறியது. குரோமியம் கலந்த இந்த டி2 அலகில் திட்டுத்திட்டாக மட்டுமே ஏறியதால் பயனில்லை.

விற்பனையாளரிடம் படங்களோடு முறையிட்டதற்கு, துரு உத்தரவாதத்தில் அடங்காது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வரியைப் பெட்டியிலேயே அச்சிட்டிருந்தால் நான் வேறு எஃகைத் தேர்ந்தெடுத்திருப்பேன். வாங்குபவருக்குத் தெரிய வேண்டியதை வாங்கும் முன் சொல்லாததுதான் இந்தப் பொருளின் மீது எனக்குள்ள பெரிய வருத்தம்.

நீலகிரியிலோ கொடைக்கானல் மேல்மலையிலோ இருந்துகொண்டு தோட்டத்துக்கு மடக்குக் கத்தி வாங்குபவர்கள், கூர் எவ்வளவு நாள் நிற்கும் என்பதைவிடத் துருவை எவ்வளவு தாங்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இதே விலைக்கு அருகில் 12சி27, 14சி28என் எஃகுக் கத்திகள் கிடைக்கின்றன. இரண்டிலும் கார்பன் சுமார் 0.6 சதவீதம்தான், குரோமியமோ 13.5, 14 சதவீதம். அதில் பெரும்பகுதி படலத்துக்கே மிஞ்சுகிறது. வாரம் ஒருமுறை கல்லில் தீட்ட வேண்டியிருக்கும். அது சில நிமிட வேலை. மேற்பரப்பு மணிச் சிதறலாக இல்லாமல் மெருகேற்றியதாக இருக்கிறதா என்றும், அச்சாணித் திருகைச் சாதாரணத் திருப்புளியால் கழற்ற முடியுமா என்றும் கடையிலேயே பார்த்துவிடலாம். டி2 கத்தியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கி எறிய வேண்டாம். உர மூட்டைக்கு ஒரு மலிவான கத்தியைத் தனியே ஒதுக்கிவிட்டு, இதைக் கயிறு, அட்டைப் பெட்டி, மரக்கிளை ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படுத்தி, தோல் உறையில் போட்டு வைக்காமல், மாலையில் துடைத்துப் பாரஃபின் தொட்டு வைத்தால் நெடுநாள் உழைக்கும். என்னுடையதை இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். பழைய குழிகள் அதே அளவில் நிற்கின்றன, புதிதாக ஒன்றும் விழவில்லை.