லக்சரில் நான் வாங்கிய 'தங்க' வண்டு

எகிப்து போகிறவர்கள் கவனத்துக்கு. 150 டாலரைத் தொலைத்துவிட்டு எழுதுகிறேன்.

லக்சரில் நைல் நதியின் மேற்குக் கரையில், பழைய எகிப்திய மன்னர்களின் கல்லறைகள் உள்ள மன்னர்களின் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், டாக்சிக்காரர் டீ குடிக்க நிறுத்தினார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியவர் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தார். தங்க மோதிரம், அதன்மேல் நீலப்பச்சைக் கல்லில், பழைய எகிப்தியர்கள் புனிதமாகக் கருதிய சாணி வண்டு. தாத்தா கல்லறையில் தோண்டியதாம், மகள் கல்யாணத்துக்காக விற்கிறாராம். 600இல் ஆரம்பித்து 150க்கு இறங்கினார். பேரத்தில் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை!

வண்டின் அடியில் இருப்பது பழைய எகிப்திய மன்னர் துட்டன்காமன் பெயர் என்றார். கெய்ரோ அருங்காட்சியகத்தில் அந்தப் பெயரை நேரில் பார்த்தபோதுதான் உறுத்தியது. நெப்கெப்பெருரே என்ற அவருடைய அரியணைப் பெயரை எழுத ஒரு சூரிய வட்டம், வண்டு, மூன்று கோடுகள், ஒரு கூடை. என் மோதிரத்தில் கோடு இரண்டுதான். கூடை கவிழ்ந்து கிடந்தது.

கெய்ரோவின் கான் எல்-கலீலி சந்தையை ஒட்டிய நகைக்கடைத் தெருவில் ஒரு பொற்கொல்லரிடம் காட்டினேன். ஓரத்தை அரத்தால் சுரண்டி ஒரு சொட்டு அமிலம் விட்டார். பச்சையாக நுரைத்தது. பித்தளை, மேலே முலாம். வண்டும் கல் இல்லை, அச்சில் வார்த்த பிசின். விளிம்பில் அச்சு சேர்ந்த கோடுகூடத் தெரிந்தது. பழைய வண்டுகளில் நூலோ கம்பியோ கோக்க நீளவாக்கில் துளை இருக்கும். இதில் அதுவும் இல்லை.

போலீசுக்குப் போகலாமே என்பீர்கள். போய் என்ன சொல்வது? 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டப்படி அங்கே பழம்பொருள் வியாபாரமே குற்றம். 'அசல் என்று நம்பி வாங்கினேன்' என்றால் முதலில் மாட்டுவது நான்தான். பெரியவருக்கு அது நன்றாகவே தெரியும். டாக்சிக்காரருக்கும் தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

வண்டு ஆசை விடவில்லை என்றால் அதே தெருவில் புதிதாகச் செய்ததை வாங்குங்கள். 18 காரட் என்றால் 750, 21 என்றால் 875 என்று முத்திரை இருக்க வேண்டும். எடைக்கு அன்றைய விலை, மேலே செய்கூலி, கையில் ரசீது.

அப்புறம் விமான நிலையம். போலிதான் என்று தெரிந்தும், பையை ஸ்கேன் செய்தபோது நெஞ்சு படபடத்தது. அதிகாரி மோதிரத்தை எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடமும் காட்டினார். இருவரும் சிரித்துவிட்டு என் கையில் கொடுத்தார்கள்.