பழைய மளிகைக் கடையைப் புதுப்பித்தல்: கவுன்டரா, சூப்பர் மார்க்கெட்டா?

மதுரைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் எங்கள் தந்தையார் தொடங்கிய மளிகைக் கடையைப் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் வந்தபோது, எங்கள் முன் இருந்தவை இரண்டே வழிகள். கவுன்டரை எடுத்துவிட்டு, வாடிக்கையாளர் கூடையுடன் உள்ளே வந்து வேண்டியதைத் தாமே எடுத்துக்கொள்ளும் சூப்பர் மார்க்கெட்டாக மாற்றுவது ஒன்று. கவுன்டரை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பின்னால் நடக்கும் வேலைமுறையை மட்டும் மாற்றுவது மற்றொன்று. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதால் இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும். முதல் வழியைப் பற்றி எனக்குத் தெரிந்தது, பக்கத்து ஊரில் அவ்வாறு மாற்றிய அத்தை மகனின் கடையில் பார்த்ததும் அவரிடம் கேட்டறிந்ததும் மட்டுமே.

சூப்பர் மார்க்கெட்டின் நன்மைகள் எல்லோரும் அறிந்தவை. கூட்ட நேரத்தில் குரல் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் போன்றவற்றைக் கண்ணால் பார்த்தால், வாங்க வேண்டியதை எழுதிவந்த சிட்டையில் இல்லாததும் கூடைக்குள் விழும் என்பார் அத்தை மகன். கடன் கேட்கும் பழக்கம் தானாகவே குறையும். ரேக், குளிர்சாதனம், கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றுக்கான செலவு பெரிதுதான் என்றாலும் அது ஒருமுறை செய்யும் செலவு; அதை மட்டும் காரணமாகச் சொல்லி இந்த வழியை ஒதுக்குவது சரியன்று.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது, விற்காமல் கிடக்கும் சரக்குக்கு என்ன ஆகிறது என்ற ஒரே கேள்விதான். கவுன்டர் கடையில் துவரம்பருப்பு ஒரு மூட்டைதான் மீதம் இருக்கிறது என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது. காலையில் மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைக்குச் சொல்லிவிட்டால் மாலைக்குள் சரக்கு வந்துவிடும். தானே எடுக்கும் கடையில் ரேக் காலியாகத் தெரிந்தால் கடையே நொடித்துவிட்டது என்ற பேச்சு கிளம்பும். ஆகவே, ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு அளவிலும், விற்கிறதோ இல்லையோ, வரிசை நிறைய அடுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. கம்பெனிப் பொருள்களில் கிடைக்கும் லாபமே மெலிந்தது என்னும்போது, மெதுவாக விற்பவற்றில் போட்ட முதல் முடங்குவதும், காலாவதியானதை ஏஜென்சி திரும்ப எடுக்க மறுப்பதும் அந்த லாபத்தைத் தின்றுவிடுகின்றன. புதிய சரக்கை முன்னால் வைத்துப் பழையதைப் பின்னால் தள்ளிவிடும் ஊழியர் ஒருவர் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பருப்பு, தானியங்களில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. மூட்டையில் கிடக்கும் உளுந்தில் வண்டு தெரிந்தால் வெயிலில் காயவைத்து, சலித்து, விலையைக் கொஞ்சம் குறைத்தாவது விற்றுவிடலாம். ஒரு கிலோ பாக்கெட்டுகளாகக் கட்டிய பின் அத்தனையையும் பிரித்தாக வேண்டும், உறையும் உழைப்பும் வீண். மொத்த விலை இறங்கினால் பாக்கெட்டை விலை குறைத்துக் கொடுக்கலாம். ஏறினாலோ, அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. மூட்டையிலிருந்து அள்ளி விற்பவர் அன்றைய விலையைப் பலகையில் மாற்றி எழுதிக்கொள்கிறார். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கட்டிவைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். ரேக் நிறைந்து தெரியவேண்டும் என்ற கட்டாயமே அதற்கு இடம் தருவதில்லை.

இதனுடன் வரியும் சேர்கிறது. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே கட்டி விவரம் அச்சிட்ட 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு, மாவுப் பாக்கெட்டுகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதே பருப்பை மூட்டையிலிருந்து வாடிக்கையாளர் கண்முன் எடைபோட்டுக் கொடுத்தால் வரி இல்லை. கட்டுபவர் பெயர், முகவரி, நிகர எடை, கட்டிய மாதம், விலை என அச்சிட வேண்டியவற்றின் பட்டியலும் நீளமானது. கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் வேறுபாட்டுக்காகக் கடை மாறும் வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு இந்தச் சுமையை ஏற்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

எனவே கவுன்டர் இருந்தது; மற்றவை மாறின. மாதச் சிட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பொட்டலங்களைக் கட்டி வைத்து, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இதனால் மாலை நெரிசல் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்தது. எடைக்கருவியுடன் இணைந்த பில் இயந்திரம் வந்த பிறகு எது ஓடுகிறது, எது தூங்குகிறது என்பது தெரியவந்து, தூங்கியவற்றை வாங்குவதை நிறுத்தினோம். பருப்பு, மிளகாய் வகைகளைக் கண்ணாடி மூடியிட்ட பெட்டிகளில் தரவாரியாக விலை எழுதி வைத்தோம். ராமநாதபுரம் குண்டு மிளகாயையும் நீள மிளகாயையும் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் வசதியை எந்த பாக்கெட்டும் தராது. காகிதத்தில் பொட்டலம் மடிக்கும் பழைய வேலையும், 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழகத்தில் தடை வந்தபின் மீண்டும் கைகொடுத்து வருகிறது. சோப்பு, பற்பசைக்கு மட்டும் வாசலருகே ஒரு திறந்த ரேக் வைத்தோம். அந்த அளவில் அத்தை மகன் சொன்னது சரிதான், விற்பனை கூடியது.

பேருந்து நிலையத்தை ஒட்டி, வண்டி நிறுத்த இடத்துடன், வெளியூர்க் கூட்டம் வந்துபோகும் கடையாக இருந்தால் கணக்கு வேறாக இருக்கலாம். சரக்கு வேகமாகச் சுழலும் இடத்தில் மேலே சொன்ன முடக்கம் பெரிதாக உறுத்தாது. எங்கள் கடை நான்கு தெருக்களின் மாதச் சிட்டைகளை நம்பியது. கவுன்டர் முறையில் எனக்குள்ள கவலை ஆட்களைப் பற்றியது: தரம் பார்த்து அள்ளவும் பொட்டலம் மடிக்கவும் தெரிந்த இருவரும் வயதானவர்கள், புதிதாக வரும் இளைஞர்கள் இந்த வேலையில் நிலைப்பதில்லை. அந்த இருவருக்குப் பதில் ஆள் கிடைக்காவிட்டால், கம்பெனிப் பொருள்கள் முழுவதையும் திறந்த ரேக்குக்கு மாற்றிவிட்டு, பருப்பையும் மிளகாயையும் மட்டும் கவுன்டரில் வைத்துக்கொள்வதாக இருக்கிறோம்.