பணம் அங்கேயேதான் இருந்தது: வாலட் 'சப்போர்ட்' ஆசாமியிடம் நான் ஏமாந்த கதை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கிரிப்டோ வாலட்டை யாரும் ஹேக் செய்யவில்லை. போனில் வைரஸ் இல்லை, பாஸ்வேர்டும் கசியவில்லை. வாலட்டைத் திறக்கும் பன்னிரண்டு ரகசியச் சொற்களை நானே என் கையால், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அடித்துக் கொடுத்தேன். ஏழாவது சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போனதும் அந்தக் கட்டம் சிவப்பானது. "பரவாயில்லையே, எழுத்துப்பிழையைக்கூடக் கவனிக்கிறார்களே" என்று அப்போது எனக்கு ஒரு நிம்மதி வேறு.

போனது 1,850 யூஎஸ்டிடி, அதாவது ஒன்று ஒரு டாலர் என்ற கணக்கில் வெளியிடப்படும் கிரிப்டோ காசு. பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னும் என்னை உறுத்துவது தொகை இல்லை. பணத்தைக் காணோம் என்று பதறிப்போய் உதவி கேட்டு அலைந்தேனே, அந்த நேரம் முழுக்க அது எங்கேயும் போகவில்லை. பத்திரமாக என் முகவரியிலேயே இருந்தது. தேடித் தருகிறேன் என்று வந்தவன்தான் எடுத்துக்கொண்டு போனான்.

அதற்கு முன்னால் என் யூஎஸ்டிடி எல்லாம் கிரிப்டோ வாங்கி விற்கும் ஒரு எக்ஸ்சேஞ்சில் கிடந்தது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலாகி, எத்தனையோ பேருடைய பணம் உள்ளே மாட்டிக்கொண்டதைப் படித்ததிலிருந்து மனசில் ஓர் அரிப்பு. அதற்கும் முன்பு 2014-இல் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் விழுந்தபோது சுமார் 8,50,000 பிட்காயினைக் காணவில்லை என்று அறிவித்தார்கள். "சாவி உன்னிடம் இல்லையென்றால் காசும் உன்னுடையது இல்லை" என்று இந்த வட்டாரத்தில் எல்லோரும் ஓதுவார்கள். சரி, சாவியை நாமே வைத்துக்கொள்வோம் என்று ஒரு வாலட் ஆப்பை இறக்கினேன்.

செட்டப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆப் காட்டிய பன்னிரண்டு சொற்களை (சீட் ஃபிரேஸ் என்பார்கள்) தாளில் எழுதினேன். ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. தாளை மடித்து, சான்றிதழ்கள் வைத்திருக்கும் ஃபைலுக்குள் செருகினேன். அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து பணத்தை வெளியே அனுப்பும் பக்கம், எந்த நெட்வொர்க், அதாவது எந்த வழியாக அனுப்ப வேண்டும் என்று கேட்டது. எத்தீரியம் என்றால் கட்டணம் கூடுதல், ஆர்பிட்ரம் என்றால் சொற்பம். இரண்டுக்கும் முகவரி ஒன்றேதான், 0எக்ஸ் என்று தொடங்கும் அதே 42 எழுத்துகள். குறைந்த கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதில் தப்பே இல்லை, இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். கொஞ்ச நேரத்தில் எக்ஸ்சேஞ்ச் "முடிந்தது" என்றது. வாலட்டைத் திறந்தால் யூஎஸ்டிடி பூஜ்யம்.

ஒரே ஒரு விஷயம் எனக்கு அப்போது புரிந்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. வாலட் என்று பெயர்தானே தவிர, அதற்குள் காசு எதுவும் இல்லை. காசு பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கிறது, ஆப் வெறும் ஜன்னல். என் ஆப் எத்தீரியம் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்த முகவரியில் யூஎஸ்டிடி இல்லை" என்று உண்மையைத்தான் சொன்னது. பணம் ஆர்பிட்ரம் பக்கத்தில் இருந்தது. மேலே இருக்கும் பட்டியலைத் தட்டி நெட்வொர்க்கை மாற்றியிருந்தால் தெரிந்திருக்கும். அரை நிமிட வேலை. இப்போது பல வாலட்டுகள் எல்லா நெட்வொர்க்கையும் சேர்த்தே காட்டுகின்றன. நான் வைத்திருந்தது காட்டவில்லை.

எக்ஸ்சேஞ்சுக்கு எழுதிக் கேட்டேன். "எங்கள் பக்கத்திலிருந்து போய்விட்டது, வாலட் தரப்பைக் கேளுங்கள்" என்றார்கள். பொய் இல்லை, ஆனால் என்னைப் படுகுழிக்கு அனுப்பிய பதில் அதுதான். ஏனென்றால் வாலட் தரப்பு என்று ஒன்று இருப்பதாக நான் நம்பிவிட்டேன். கணக்கு, பாஸ்வேர்ட், கஸ்டமர் கேர் என்று வங்கியில் பழகிய புத்தி. அங்கே யாரோ ஒருவர் கணினியில் என் கணக்கைத் திறந்து பார்ப்பார், எங்கேயோ சிக்கியிருப்பதை எடுத்து விடுவார் என்று நினைத்தேன். இந்த வகை வாலட்டில் அப்படி ஒருவருமே இல்லை. ஆப்பை எழுதிய நிறுவனத்தாலும் என் முகவரியிலிருந்து ஒரு காசை நகர்த்த முடியாது.

அன்று இரவு பதினொன்று இருக்கும். டெலிகிராமில் அந்த வாலட்டின் பெயரில் இருந்த ஒரு குழுவில், "பணம் அனுப்பினேன், வரவில்லை, யாராவது உதவ முடியுமா?" என்று எழுதினேன். குழுவில் யாரும் பதில் சொல்லவில்லை. நான்கே நிமிடத்தில் தனிச்செய்தி ஒன்று வந்தது. வாலட்டின் லோகோ, "சப்போர்ட் டெஸ்க்" என்று பெயர், பெயருக்குப் பக்கத்தில் நீல டிக். அந்த டிக் பெயரோடு சேர்த்து ஒட்டிய வெறும் எமோஜி என்பது பிறகுதான் கண்ணில் பட்டது.

ஆசாமி பேசிய விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் தொழில் இருக்கிறது. அவசரப்படுத்தவே இல்லை. முதலில் ஒரு டிக்கெட் எண் கொடுத்தான். பரிவர்த்தனையின் ஹாஷ் எண்ணை, அதாவது அதன் அடையாள எண்ணைக் கேட்டான், கொடுத்தேன். "பார்த்துவிட்டேன், உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது, உங்கள் வாலட் நெட்வொர்க்கோடு ஒத்திசையவில்லை, அவ்வளவுதான்" என்றான். யோசித்துப் பாருங்கள், அவன் சொன்னதில் பாதி உண்மை. பணம் பத்திரமாக இருப்பதை அவன் பார்த்துவிட்டான், நான்தான் பார்க்கவில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதும் அந்த ஹாஷிலிருந்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"சீட் ஃபிரேஸ் கேட்பீர்களா?" என்று நானே கேட்டேன். அவ்வளவுக்கு உஷாராகத்தான் இருந்தேன். அதற்கு வந்த பதில் இது: "தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். எங்கள் ஊழியர்கள் உட்பட யாரிடமும் சொல்லக்கூடாது. பாதுகாப்பான பக்கத்தில் நீங்கள் மட்டும் பதிய வேண்டும்." சொல்லாதே என்று எச்சரிக்கிறவன் திருடனாக இருப்பானா? என் சந்தேகம் அந்த இடத்தில் செத்தது.

அவன் அனுப்பிய இணைப்பில் வாலட்டின் அதே நிறம், அதே எழுத்துரு, பன்னிரண்டு கட்டங்கள். ஃபைலிலிருந்து தாளை எடுத்து வந்து அடித்தேன். பச்சைக் கோடு ஒன்று 94 சதவீதம் வரை போய் நின்றது. "ஒத்திசைவு நடக்கிறது, 24 மணி நேரத்துக்கு வாலட்டைத் திறக்க வேண்டாம்" என்று வந்தது. சொன்ன பேச்சைக் கேட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் காலையில் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் முகமே மாறிவிட்டது. "சொற்களை எங்கேயாவது அடித்தாயா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு எல்லாப் பரிவர்த்தனைகளையும் யாரும் பார்க்கக்கூடிய ஆர்பிட்ரமின் எக்ஸ்புளோரர் பக்கத்தைத் திறந்து என் முகவரியை ஒட்டினார். மொத்தம் மூன்றே வரிகள்.

முந்தைய நாள் மாலை 7.42, என் 1,850 யூஎஸ்டிடி உள்ளே வந்திருக்கிறது.

இரவு 11.31, முன்பின் தெரியாத ஒரு முகவரியிலிருந்து துளியூண்டு ஈத்தர் (எத்தீரியத்தின் சொந்தக் காசு) வந்திருக்கிறது.

இரவு 11.32, 1,850 யூஎஸ்டிடி வெளியே போயிருக்கிறது.

நடு வரிதான் எனக்குப் புரியவில்லை. திருடன் எதற்கு எனக்குப் பணம் போட வேண்டும்? நண்பர் விளக்கினார். ஆர்பிட்ரமில் எதை நகர்த்தினாலும் கேஸ் என்னும் பரிவர்த்தனைக் கட்டணத்தை ஈத்தரில்தான் கட்ட வேண்டும். என் முகவரியில் ஈத்தர் கிடையாது. அதனால் அவனே வண்டிக்குப் பெட்ரோல் போட்டு, என் சாமானை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். ஒரு நிமிட வேலை.

அதற்குப் பிறகு நான் செய்த காரியங்களை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. ஆப்பின் பாஸ்வேர்டை மாற்றினேன். ஆப்பையே அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். அந்தப் பாஸ்வேர்ட் என் போனில் இருக்கும் ஆப்புக்கு மட்டும்தான் பூட்டு. சொற்கள் அப்படி இல்லை. 2048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து வாலட் பன்னிரண்டைப் பொறுக்கித் தருகிறது. கடைசிச் சொல்லில் மற்றவற்றைச் சரிபார்க்கும் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. அந்தப் போலிப் பக்கம் என் எழுத்துப்பிழையைப் பிடித்ததற்குக் காரணம் கரிசனம் இல்லை, அந்தப் பட்டியல் யாருக்கும் கிடைக்கும். அந்தப் பன்னிரண்டிலிருந்துதான் எல்லா நெட்வொர்க்குக்கும், எல்லா முகவரிக்கும் சாவி பிறக்கிறது. மாற்ற முடியாது, ரத்து செய்ய முடியாது. உலகத்தின் எந்த மூலையில், எந்த ஆப்பில் போட்டாலும் என் வாலட் அங்கே திறக்கும். ஊகித்துக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம், அதனால்தான் மெனக்கெட்டு இப்படிக் கேட்டு வாங்குகிறார்கள்.

பட்ட காலிலே படும் என்பார்களே, அதுவும் நடந்தது. அதே சொற்களின் கீழ் எத்தீரியம் பக்கத்தில் வேறொரு டோக்கன் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதையாவது காப்பாற்றலாம் என்று கேஸ் கட்டணத்துக்காகக் கொஞ்சம் ஈத்தர் அனுப்பினேன். வந்ததைக் கண்ணால் பார்த்தேன். அனுப்பு பொத்தானை அழுத்துவதற்குள் இருப்பு பூஜ்யம். களவு போன முகவரிகளை இரவும் பகலும் காவல் காத்து, ஈத்தர் விழுந்த நொடியே வழித்துப் போகிற நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஸ்வீப்பர் என்று சொல்கிறார்கள். நம் கைவேகம் அதற்கு ஈடாகாது. சொற்கள் போய்விட்டன என்று தெரிந்தால் அந்த முகவரிக்கு ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள். உள்ளே மிச்சம் இருந்து, கேஸும் இருந்தால், புதிய சொற்களோடு புதிய வாலட் போட்டு உடனே அதற்கு மாற்றுங்கள். எனக்குக் காப்பாற்ற இருந்த நேரம், சொற்களை அடித்த 11.18-க்கும் அவன் வேலையைத் தொடங்கிய 11.31-க்கும் நடுவில் மட்டும்தான்.

யூஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனத்தால் ஒரு முகவரியை முடக்க முடியும் என்று படித்ததும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. எக்ஸ்புளோரரில் பின்தொடர்ந்து பார்த்தால், அவன் கால் மணி நேரத்துக்குள் அதை ஈத்தராக மாற்றிவிட்டிருந்தான். ஈத்தரை அப்படி முடக்க, அதை வெளியிடும் நிறுவனம் என்று ஒன்று இல்லை. முகவரிகள், ஹாஷ் எண்கள், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தேன். நான் படங்களை எடுத்து முடித்த சிறிது நேரத்திலேயே அவன் இரண்டு பக்கமும் உரையாடலை அழித்துவிட்டான். அதனால் ஏமாந்தோம் என்று தெரிந்ததும் முதலில் அதைச் செய்துவிடுங்கள், திட்டுவதெல்லாம் அப்புறம்.

புகார் கொடுத்த வாரத்திலேயே அடுத்த கூட்டம் வந்தது. "போன கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம்" என்று மூன்று பேர், மூன்று தோரணையில். குழுவில் நான் புலம்பியதைப் பார்த்து வந்தவர்கள். இப்படிப்பட்ட மீட்பு ஏமாற்றுக்காரர்களைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2023-இலேயே எச்சரித்திருக்கிறது, அதை நான் முதல் ஆளிடம் பேசிய பிறகுதான் படித்தேன். அந்த ஆள் என் பணம் எங்கெங்கே போனது என்று அம்புக்குறி போட்டு ஒரு படம் அனுப்பினார். அசந்துபோனேன். எக்ஸ்புளோரரில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியதைத்தான் படமாக வரைந்திருந்தார். முன்பணம் கேட்டபோதுகூட ஒரு மனசு கொடுத்துவிடலாமா என்றது. மீட்ட பணத்தைப் போட என் புதிய வாலட்டின் சொற்கள் வேண்டும் என்றபோதுதான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

இப்போது நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று சிலர் கேட்டார்கள். எவ்வளவு அவசரமானாலும் முதலில் சின்னத் தொகை ஒன்றை அனுப்பி, அது எக்ஸ்புளோரரில் தெரிகிறதா என்று பார்க்கிறேன். வாலட் காட்டுவதை அதற்குப் பிறகுதான் நம்புவது. சொற்களை இப்போதும் தாளில்தான் வைத்திருக்கிறேன். கேலரியில் இருக்கும் படங்களைப் படித்து இந்தச் சொற்களைத் தேடும் ஸ்பார்க்கேட் என்ற தீம்பொருள் ஆப் ஸ்டோர், கூகுள் பிளே இரண்டிலும் நுழைந்திருந்ததை 2025-இல் காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்தது, அதனால் படம் எடுக்கும் பேச்சே இல்லை. பழைய பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுப்பதையும் விட்டுவிட்டேன். புதிய வாலட்டில் ஒருநாள் பூஜ்யத் தொகைக்கு ஒரு பரிவர்த்தனை வந்து உட்கார்ந்திருந்தது. அதன் முகவரியில் முதல் நான்கும் கடைசி நான்கும் நான் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போலவே. நடுவில் மட்டும் வேறு. அவசரத்தில் யாராவது அதைத் தொட்டு நகலெடுக்க மாட்டார்களா என்று போட்டு வைத்த தூண்டில் அது.

அந்தக் குழுவை விட்டு நான் வெளியேறவில்லை. போன வாரம் ஒருவர், "எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பினேன், வாலட்டில் பூஜ்யம் காட்டுகிறது, யாராவது உதவுங்கள்" என்று எழுதியிருந்தார். கிட்டத்தட்ட என் வாக்கியமேதான். குழுவிலேயே பதில் போட்டேன்: "நெட்வொர்க்கை மாற்றிப் பாருங்கள். உங்கள் பணம் அங்கேயேதான் இருக்கும். இந்நேரம் உங்களுக்கு யாராவது தனிச்செய்தி அனுப்பியிருப்பார்களே?"

ஒரு நிமிடம் கழித்து எழுதினார்: "ஆமாம், இரண்டு பேர். ஒருவர் டிக்கெட் எண்கூடக் கொடுத்துவிட்டார்."