நிரப்பி அனுப்பிய படிவம் காலியாகப் போய்ச் சேர்ந்தது

இந்த முறை ஊருக்குப் போனதில் விமானம், டாக்ஸி, சிம் கார்டு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது அம்மாவின் வங்கிக் கணக்குக்கான நாமினி படிவத்தைப் பற்றி. அதாவது, அம்மா காலத்துக்குப் பிறகு பணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று எழுதித் தரும் படிவம். ஒரே ஒரு பிடிஎஃப். விடுமுறையில் பெரும்பகுதி அதோடுதான் போனது.

அப்பா இருந்தவரை கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது. அவர் பெயரை நீக்கும் வேலையைத் தங்கை முன்பே முடித்துவிட்டாள். மிச்சம் நாமினிதான். முன்பெல்லாம் ஒருவர் பெயரைத்தான் போட முடியும். 2025 நவம்பர் 1 முதல் டெபாசிட் கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம், ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தும் கொடுக்கலாம். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து அம்மா ஒரே பிடியாக நின்றார். "உனக்கும் பாப்பாவுக்கும் சரிபாதின்னு எழுதிக் குடுத்துடுப்பா, அப்புறம் எனக்கு ஒரு கவலையும் இல்ல."

பழைய நாட்களில் இது அரை மணி நேர வேலை. கவுண்டரில் படிவம் வாங்கி, நூலில் கட்டிய பேனாவால் எழுதி, போட்டோவில் கோந்து தடவி ஒட்டி, உள்ளே நீட்டினால் முடிந்தது. எழுதியதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் கிளார்க் அந்த இடத்தைப் பென்சிலால் சுழித்துத் திருப்பித் தருவார். இப்போது கிளையில் படிவமே கிடையாது. மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள், டைப் செய்து திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். கையால் எழுதினால் ஸ்கேனில் படிக்க முடியவில்லையாம். நியாயமான காரணம்தான். கனடாவில் இத்தனை வருடமாக இப்படித்தானே செய்கிறோம் என்று நானும் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டேன்.

மடிக்கணினியில் திறந்து, எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, சேமித்து, மறுபடி திறந்து சரிபார்த்து அனுப்பினேன். மறுநாள் கிளையிலிருந்து ஒரு மேடம் கூப்பிட்டார். "சார், ஃபார்ம் வந்திருக்கு, ஆனா ஒண்ணுமே எழுதல. எல்லாக் கட்டமும் காலியா இருக்கு." என் திரையில் பார்த்தால் எல்லாம் இருக்கிறது. திரும்ப அனுப்பினேன். திரும்பவும் காலி. அவர் சொல்வதை நானும் நான் சொல்வதை அவரும் நம்ப முடியாத நிலை.

கடைசியில் நேரிலேயே போனேன். மேடம் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உண்மையிலேயே காலிப் படிவம். பெயர்க் கட்டத்தில் ஒரு கிளிக் செய்யச் சொன்னேன். கிளிக் செய்ததும் அம்மாவின் பெயர் முழுசாகத் தோன்றியது. அடுத்த கட்டத்தில் கிளிக் செய்தார், முகவரி வந்தது, பெயர் மறைந்துவிட்டது. கர்சர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதில் மட்டும் எழுத்து தெரிகிறது, நகர்ந்தால் வெள்ளை. பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து பார்த்தார், அவருக்குப் பின்னால் பாஸ்புக் பதிய வந்தவரும் எட்டிப் பார்த்தார்.

இதில் மாயம் எதுவுமில்லை. அடோபி நிறுவனம் 1993இல் பிடிஎஃப் வடிவத்தைக் கொண்டுவந்தது. 1996இல் வந்த 1.2 பதிப்பில்தான் நிரப்பும் கட்டங்கள் சேர்ந்தன. அன்றிலிருந்தே ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு விஷயங்கள் தனித்தனியாகப் பதிவாகின்றன. ஒன்று நாம் அடித்த எழுத்து. இன்னொன்று அந்த எழுத்து பக்கத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்ற தோற்றம். சில மென்பொருள்கள் எழுத்தை மட்டும் எழுதிவிட்டு, 'திறப்பவர் தோற்றத்தை வரைந்துகொள்ளட்டும்' என்று ஒரு குறிப்பை வைத்துவிடும். அந்தக் குறிப்பை மதிக்கும் மென்பொருளில் எல்லாம் தெரியும். மதிக்காததில், கிளிக் செய்து கட்டத்தைத் திருத்தப் போகும்போது மட்டும் தெரியும். என் கணினியில் இருந்தது ஒரு ரகம், கிளையில் இருந்தது இன்னொரு ரகம். பிடிஎஃப் 2008இலேயே ஐஎஸ்ஓ என்கிற உலகத் தர நிர்ணய அமைப்பின் தரமாகிவிட்டது. அத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு நாமினி பெயர் ஒரு கணினியில் இருந்து இன்னொரு கணினிக்குப் போகும் வழியில் காணாமல் போகிறது என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

கனடாவிலும் எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். அங்கே குடிவரவுக்கு விண்ணப்பித்தவர்களுக்குத் தெரியும். பல படிவங்களை உலாவியில் திறந்தால், 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஒரு பக்கம் மட்டும் வரும். எத்தனை நேரம் காத்திருந்தாலும் அவ்வளவுதான். எக்ஸ்எஃப்ஏ என்கிற பழைய முறையில் செய்த படிவங்கள் அவை. 2017இல் வந்த பிடிஎஃப் 2.0 தரம் அந்த முறையை ஓரங்கட்டிவிட்டது, படிவங்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. ஆனால் ஒரு நல்ல விஷயம், கணினியில் இறக்கி அடோபி ரீடரில் திறக்க வேண்டும் என்று அங்கே முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். முடித்ததும் சரிபார்க்கும் பட்டனை அழுத்தினால் விட்டுப்போன கட்டங்களைச் சிவப்பாகக் காட்டும். நம் வங்கிப் படிவத்தில் எந்த மென்பொருளில் திறப்பது என்று ஒரு வரிகூட இல்லை. எழுபது வயதைத் தாண்டிய என் அம்மா போன்றவர்கள் போனில் திறப்பார்கள். அவர்கள் கையில் இருப்பது அதுதானே.

போனில் என்ன ஆகிறது என்றும் பார்த்தேன். நாமினி பங்கு பகுதியில் 50, 50 என்று அடித்தால், கீழே மொத்தம் 0 என்றே நிற்கிறது. மொத்தக் கட்டத்தில் நாமாக 100 என்று அடிக்கவும் விடாது, பூட்டியிருக்கிறது. கூட்டல் போடுவதற்குப் படிவத்துக்குள் ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நிரல் உண்டு. கணினியில் ரீடரில் திறந்தால் அது ஓடும், போனில் உள்ள பல பிடிஎஃப் செயலிகள் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அம்மா தனியாக இருந்து இதைச் செய்திருந்தால், தான்தான் ஏதோ தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்துப் படிவத்தையே விட்டிருப்பார். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

அப்புறம் தமிழ்ப் பெயர். படிவத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி கேட்கிறார்கள். தமிழில் கேட்டதற்கு எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. வெளிநாட்டில் இருப்பவனுக்கு ஒரு அலுவலகப் படிவத்தில் தமிழ்க் கட்டத்தைப் பார்ப்பதே மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் அந்தக் கட்டத்தைச் செய்தவர் அதில் ஒரு தமிழ்ப் பெயரைக்கூட அடித்துப் பார்க்கவில்லை என்று அடித்துச் சொல்லுவேன்.

அப்பா பெயர் கிருஷ்ணமூர்த்தி. நம் கணக்கில் 8 எழுத்து. கணினிகள் எல்லா மொழி எழுத்துகளையும் பதிந்து வைக்கும் யூனிகோடு முறையில் மெய்க்கு ஒரு புள்ளி, உயிர்மெய்க்கு ஒரு துணைக்குறி என்று தனித்தனியாக எண்ணும்போது அது 15. படிவத்தில் இருந்ததோ 12 சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எழுத்து. 'கிருஷ்ணமூர்த' என்பதோடு நின்றுவிட்டது. அதுவும் ஒழுங்காக வந்ததா என்றால் இல்லை. 'க' ஒரு கட்டத்தில், அதன் கொக்கி அடுத்த கட்டத்தில். 'ஷ' ஒன்றில், அதன் புள்ளி பக்கத்துக் கட்டத்தில், கீழே எழுத்தே இல்லாமல் ஒரு புள்ளிவட்டத்தின் தலைமேல். ஆங்கில எழுத்துக்காகச் செய்த அமைப்பை அப்படியே தமிழுக்கும் இழுத்துவிட்டிருக்கிறார்கள். கட்டம் பிரிக்காத முகவரி வரியில் வேறு பிரச்சினை. அங்கே ஹெல்வெட்டிகா எழுத்துரு குறித்திருந்தார்கள். அதில் தமிழே கிடையாது, அதனால் தெரு பெயர் முழுக்க வெறும் சதுரங்களாக வந்தது. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. விண்டோஸில் தமிழ் உள்ள நிர்மலா எழுத்துரு கூடவே வருகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. படிவத்தில் ஒன்றைப் பொதித்து வைப்பது பெரிய வேலையே இல்லை.

இனி நல்லதைச் சொல்கிறேன். இதையெல்லாம் நான் புலம்பிக்கொண்டிருக்கும்போது மேடம் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. உள்ளே ஓர் இளம் அதிகாரி இருந்தார், அவரைக் கூப்பிட்டார். அந்தத் தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலிப் படிவத்தை வட்டில் சேமித்து, உலாவியில் திறக்காமல் அடோபி ரீடரில் திறந்தார். ஆங்கில வரிகளை என்னிடம் கேட்டுக் கேட்டு அடித்தார். 50, 50 போட்டதும் மொத்தம் 100 என்று தானாக வந்தது. அப்புறம் சேமி என்பதை விட்டுவிட்டு, அச்சிடு போய், பிரிண்டர் பட்டியலில் 'பிடிஎஃப் ஆக அச்சிடு' என்பதைத் தேர்ந்தெடுத்தார். "இப்படிப் பண்ணினா கட்டமெல்லாம் போயிடும் சார், எழுத்து பேப்பரோட ஒட்டிக்கும். எதுல திறந்தாலும் தெரியும்." உடனே தன் போனில் திறந்தும் காட்டினார். ஒரு எழுத்தும் குறையவில்லை. தமிழ் வரிகளைக் காலியாக விட்டு, தாளில் எடுத்த பிறகு பேனாவால் எழுதச் சொன்னார், பக்கத்தில் தானே சுருக்கொப்பமும் போட்டார். அம்மா தன் பெயரையும் அப்பா பெயரையும் தன் கையாலேயே எழுதினார்.

போகிற போக்கில் இன்னொன்றையும் தீர்த்து வைத்தார். அம்மாவின் இ-ஆதார் பிடிஎஃபில் கையொப்ப இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி இருந்தது. எனக்கு அது எப்போதும் ஒரு உறுத்தல். அதன்மேல் வலது கிளிக் செய்து, கையொப்ப விவரம், சான்றிதழ், நம்பிக்கை என்று உள்ளே போய் நம்பகமான பட்டியலில் சேர்த்துவிட்டு மறுபடி சரிபார்க்கச் சொன்னால் பச்சை டிக் வந்துவிடுகிறது. ஆவணத்தில் கோளாறு எதுவுமில்லை, அந்தக் கணினிக்கு அந்தச் சான்றிதழ் அறிமுகம் இல்லை, அவ்வளவுதான்.

இந்த உதவி கனடாவில் எனக்குக் கிடைத்திருக்காது. அங்கே படிவம் கெட்டால் ஒரு தொலைபேசி எண் உண்டு, பாட்டு ஓடும், கடைசியில் வருபவர் என் திரையைப் பார்க்க மாட்டார், தன் திரையைக் காட்டவும் மாட்டார். இங்கே மானிட்டரைத் திருப்பிக் காட்டும் மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தம்பி எனக்காகச் செலவிட்ட நேரத்தில் டோக்கன் வைத்திருந்த பலர் பெஞ்சில் காத்திருந்தார்கள். படிவத்தை அனுப்பும் முன்பு தலைமை அலுவலகத்தில் யாராவது ஒருவர் அதை ஒரு போனில் நிரப்பி, பக்கத்து மேசைக்கு அனுப்பிப் பார்த்திருந்தால் அந்த பெஞ்சில் இருந்தவர்களின் வேலை அன்று சீக்கிரம் முடிந்திருக்கும். இதைச் சொன்னபோது மேடமும் ஆமாம் என்றுதான் தலையாட்டினார். தினமும் இப்படி ஓரிருவர் வருகிறார்களாம்.

சில நாளில் பாஸ்புக்கில் நாமினி பதிவு செய்யப்பட்டது என்று அச்சாகி வந்தது. தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். திரும்பும் முன்பு கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். தமிழ்ப் பெயருக்குக் கட்டம் பிரிக்காத நீள வரி வேண்டும், தமிழ் எழுத்துருவைப் பொதிக்க வேண்டும், மொத்தக் கட்டத்தைப் பூட்டக் கூடாது, முதல் பக்கத்தில் எதில் திறப்பது என்று தமிழில் எழுத வேண்டும், இதெல்லாம் முடியாதவர்களுக்குக் கவுண்டரில் தாள் படிவம் வைத்திருக்க வேண்டும். மேலே அனுப்புகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார். அத்தையின் கணக்குக்கும் இதே படிவம்தான் போட வேண்டும். அதைத் தங்கை பார்த்துக்கொள்வாள். பிடிஎஃப் ஆக அச்சிட்டு அனுப்பும் முறையை அவளுக்கு வீடியோ காலில் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.