பின்தொடை பிடித்துக்கொண்டால்: உருவுவதா, ஐஸா, ஸ்ப்ரேயா?

பொங்கலை ஒட்டி மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கம் போனால் ஏதாவது ஒரு ஊரில் இரவுக் கபடி நடந்துகொண்டிருக்கும். வடுவூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் அந்த ஊர்ப் பையனும் இருந்தார். அதைப் பார்த்துவிட்டு எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளெல்லாம் களத்துக்கு வந்துவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் போனஸ் கோட்டைத் தொடக் காலை எட்டிப் போடும்போது பின்தொடை சுருக்கென்று பிடிக்கும். கேட்ச்சில் எதிராளியின் முட்டி முன்தொடையில் வந்து இடிக்கும். பையனைக் கோட்டுக்கு வெளியே உட்கார வைத்ததுமே மூன்று யோசனை வந்துவிடும்: எண்ணெய் போட்டு உருவலாம், ஐஸ் வைக்கலாம், ஸ்ப்ரே அடித்து மாத்திரை கொடுத்துத் திரும்ப இறக்கலாம்.

எது மேல் என்பதற்கு முன்னால் அடிபட்டவனின் வயதைப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் பையன்கள் 14 வயதை ஒட்டியும் மளமளவென்று வளர்வார்கள். ஒரே வருஷத்தில் 8, 10 செ.மீ. உயர்கிற பையன்கள் உண்டு. எலும்பு முந்திக்கொண்டு நீளும், சதை பின்னால்தான் வரும். சதை எலும்போடு ஒட்டுகிற இடமும் அப்போது குருத்தெலும்பாகவே இருக்கும். வளர்ந்த ஆளுக்குச் சதை கிழிகிற இழுப்பில் இந்த வயதுப் பையனுக்கு எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். தரையில் உட்காரும்போது அழுந்துகிற இடுப்பெலும்பில்தான் பின்தொடைச் சதை தொடங்குகிறது. ‘டப்’பென்று சத்தம் கேட்டது, அந்த எலும்பைத் தொட்டாலே கத்துகிறான், காலை ஊன்ற முடியவில்லை என்றால் ஐஸா எண்ணெயா என்று யோசிக்காமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. ஆனால் ஆறு வாரத்துக்குக் குறையாமல் பொறுத்திருக்க வேண்டும்.

எக்ஸ்ரே தேவைப்படாத சாதாரணப் பிடிப்புக்கு வருவோம்.

ஸ்ப்ரே, மாத்திரை கூட்டணியை முதலில் தள்ளிவிடுகிறேன். ஸ்ப்ரே தோலை மரக்க வைக்கும், கிழிந்த சதையை ஒன்றும் செய்யாது. வலி தெரியாமல் அடுத்த ரெய்டு போனால் சின்னக் கிழிசல் பெரிசாகும். இன்னொரு ஆபத்தை யாரும் பேசுவதில்லை. 55 கிலோ பிரிவுக்கு எடை நிற்க வேண்டுமென்று காலையிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் கிடந்த பையனுக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைக் கொடுத்தால் வறண்ட உடம்பில் சிறுநீரகம் அடிவாங்கும். ஊர்ப் பெருமைக்காக இதைச் செய்கிற கோச்சுகள் இருக்கிறார்கள், எனக்கு அவர்கள்மேல் மரியாதை கிடையாது.

உருவுவதா, ஐஸா என்பதுதான் உண்மையான போட்டி. “தாத்தாகிட்ட அழைச்சிக்கிட்டுப் போ, ஒரு உருவு உருவுனா நாளைக்கே ஓடுவான்” என்று ஆச்சி சொல்வது வெறும் மூடநம்பிக்கை இல்லை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்கிற உருவுமுறை தனிக்கலை. பழைய இறுக்கத்துக்கும், விளையாடி முடித்த அலுப்புக்கும் கைபழகியவர் உருவிவிடுவது இதமாகவே இருக்கும். அடிபட்ட அன்றே உருவுவதுதான் தப்பு. முட்டி இடித்த முன்தொடைக்குள் ரத்தம் கசிந்து கட்டியிருக்கும். சூடு காட்டி அழுத்தி உருவினால் கசிவு கூடும், சில பேருக்குச் சதைக்குள்ளேயே எலும்பு படிந்துவிடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் முட்டியை முழுசாக மடக்க முடியாது.

முதல் இரண்டு மூன்று நாளைக்கு என் ஓட்டு ஐஸுக்கு. சர்பத் கடை ஐஸ் போதும். ஈரத்துண்டில் சுற்றி 15, 20 நிமிஷம் வைத்து எடுத்துவிட்டு, கிரேப் பேண்டேஜை ரத்த ஓட்டம் தடைபடாத அளவுக்குச் சுற்றிக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். ஆனால் ஐஸையும் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டாம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற நான்கையும் 1978இல் எழுதிப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் மாற்றிச் சொன்னார். ஐஸ் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். அதோடு உருவ முடியாதபடி அந்த இடத்தை மறைத்தும் வைக்கும். அந்த ஒரு காரணத்துக்கே நான் அதற்குப் பரிந்து பேசுவேன்.

படுத்தே கிடப்பதும் சரிவராது. வலிக்காத அளவுக்கு நடக்க விட வேண்டும், நாலைந்து நாளில் பிசியோ சொல்கிற பயிற்சியைத் தொடங்க வேண்டும். தாத்தாவின் எண்ணெய்க்கும் அதற்குப் பிறகு இடமுண்டு, வலிக்கிற அளவுக்கு அழுத்தாமல் இருந்தால்.

வராமல் தடுப்பதிலும் இரண்டு கட்சி. பெரும்பாலான பள்ளி மைதானங்களில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துக் கால்விரலைத் தொடச் சொல்லி எண்ணுவார்கள். ஒரு நிமிஷத்துக்கு மேல் அப்படி இழுத்துப் பிடித்தால் உடனே வேகமாகப் பாயும் சக்தி கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதைப் பயிற்சி முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். முன்னால் செய்ய வேண்டியது மெல்லோட்டம், முட்டியை உயர்த்தி ஓடுவது, பக்கவாட்டில் தாவுவது. கால்பந்துக்காக ஃபிஃபா வகுத்த ‘11+’ என்ற 20 நிமிஷப் பயிற்சி இந்த வகைதான். அதை ஒழுங்காகச் செய்த இளையோர் அணிகளில் காயம் நன்றாகக் குறைந்தது ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

கபடிப் பிள்ளைகளுக்கு அதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால் ‘நார்டிக்’கைச் சொல்வேன். மண்ணில் துண்டை மடித்துப் போட்டு மண்டியிட வேண்டும். பின்னால் ஒருவன் கணுக்காலை அமுக்கிப் பிடித்துக்கொள்வான். இடுப்பை மடக்காமல், உடம்பை ஒரே நேராக வைத்து, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய வேண்டும். தாக்குப்பிடிக்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். முதல் வாரம் பின்தொடை வலித்துத் திட்டுவார்கள். வாரம் இரண்டு நாள், ஐந்து ஐந்தாக இரண்டு தடவையில் தொடங்கினால் போதும். பின்தொடைக் காயத்தை இது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. பைசா செலவில்லை.

திரும்ப இறக்குவதை நாள் எண்ணி முடிவு செய்வது ஒரு வழி, சோதித்துப் பார்ப்பது இன்னொரு வழி. “மூணு வாரம் ஆச்சுல்ல, வா” என்பதைவிட, அடிபட்ட காலில் மட்டும் நொண்டியடிக்கச் சொல்லுங்கள், பிறகு முழு வேகத்தில் ஓடித் திடீரென்று திரும்பச் சொல்லுங்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்து, முகமும் சுளிக்கவில்லை என்றால் விளையாடலாம். சுளித்தால் அந்த டோர்னமென்ட்டுக்கு வேறு ரெய்டரைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.