சேற்றைக் கழுவும் முன் படம் எடுங்கள்: வெள்ளத்துக்குப் பின் எங்களுக்குக் கிடைத்த உதவிகள், ஓராண்டு அனுபவம்

ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது 2024 நவம்பர் 30 இரவு. அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கடலூரில் தென்பெண்ணைக் கரைப் பக்கம் இருக்கிறோம். புயல் போய்விட்டது, தப்பித்தோம் என்று மறுநாள் வாசலில் விழுந்திருந்த முருங்கைக் கிளையை வெட்டிக்கொண்டிருந்தோம். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். மேலே பெய்த மழையும் அணைத் தண்ணீரும் சேர்ந்து வந்தபோது, அன்று இருட்டுகிற நேரத்தில் ஆறு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. கூடத்தில் மூன்றே முக்கால் அடி.

எதிர் மாடி வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். நான், கணவர், அத்தை, இரண்டு பிள்ளைகள். அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் யார் யாரிடம் போனோம், எங்கே என்ன கிடைத்தது, எது நடக்கவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். அடுத்த ஐப்பசி, கார்த்திகைக்கு யாருக்காவது பயன்படும்.

முதலில் ஒன்று. எங்களுக்குக் கிடைத்த பணமும் கிடைக்காமல் போன பணமும் பெரும்பாலும் முடிவானது தண்ணீர் வடிந்த முதல் அரை நாளில்தான். ஆற்று வெள்ளம் விட்டுப்போகிற வண்டல் மாவு மாதிரி இருக்கும். ஈரமாக இருக்கும்போது தள்ளினால் போய்விடும். ஒரு வெயில் அடித்துக் காய்ந்துவிட்டால் கடப்பாரைதான். அதனால் எல்லோரும் வடிந்த உடனே துடைப்பத்தோடு இறங்குவோம். அதில் தப்பே இல்லை. ஆனால் அதே சேறுதான் சாட்சி. சுவரில் காபி நிறத்தில் கோடு போட்டது போல் தண்ணீர் நின்ற அடையாளம் இருக்கும். அதை அழித்த பிறகு எவ்வளவு உயரம் நின்றது என்று வாயால் சொல்லத்தான் முடியும்.

டிசம்பர் 4 காலையில் நான் கூடத்தையும் படுக்கை அறையையும் கணவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டார். "அடுப்படிய இப்படி வச்சிக்கிட்டு எப்படிம்மா இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்தார். எழுபத்திரண்டு வயது. முழங்கால் வரை சேறு. நான் போய்ப் பார்க்கும்போது கோடு முழுக்கப் போய்விட்டிருந்தது. கிரைண்டரையும் மிக்ஸியையும் பின்பக்கம் குப்பையோடு சேர்த்து வைத்துவிட்டார், மாநகராட்சி வண்டி வந்து எடுத்துக்கொண்டும் போய்விட்டது. அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் கை பட்ட அடுப்படி அது. ஆனால் பிறகு அந்தச் சுவரைப் பற்றித்தான் நாங்கள் மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

முதல் உதவி மனிதர்களிடமிருந்து வந்தது. பள்ளிவாசலில் இருந்து மதியச் சாப்பாட்டுப் பொட்டலம், நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து தெரியாத பையன்கள் கொண்டுவந்த பால் பாக்கெட், டீசல் மோட்டார் வைத்துத் தெருத் தண்ணீரை இறைத்துவிட்ட விவசாயி ஒருவர். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077 இரண்டாவது முயற்சியில் கிடைத்தது. கைக்குழந்தையோடு இருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காகக் கூப்பிட்டோம், படகு வந்தது. இந்த எண்ணைப் பிள்ளைகள் உட்பட வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் அரசு நிவாரணம். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய் அறிவித்தார்கள். குடிசை சேதத்துக்கு 10,000. எங்களுக்கு 2,000 கிடைத்தது. பெரிய தொகை இல்லைதான், ஆனால் கையில் ஒன்றுமே இல்லாத நேரத்தில் வந்தது. பாய், இரண்டு பக்கெட், பிளீச்சிங் பவுடர், ஸ்டவ் பர்னர் என்று அப்படியே உபயோகமானது.

புதுச்சேரியில் தம்பி குடும்பம் இருக்கிறது, கிருஷ்ணா நகர்ப் பக்கம் வாடகை வீடு. அவர்களுக்கு எங்களுக்கு முன்பே தண்ணீர். ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த ஊர் அது, ராணுவம் படகில் வந்து ஆட்களை மீட்டது. அங்கே எல்லா அட்டைக்கும் 5,000 ரூபாய் அறிவித்தார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் 2,000, அந்தப் பக்கம் 5,000. எங்கள் தெருவில் இதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. எனக்கும் வருத்தம்தான். ஒரே புயல், ஒரே மழை. நட்டமும் ஒன்றுதான்.

வீட்டுச் சேதத்துக்குத் தனியாகக் கேட்டுப் பார்த்தோம். முதல் கணக்கெடுப்பில் எங்கள் தெருவின் கடைசிப் பகுதி விட்டுப்போயிருந்தது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினோம், ஆட்கள் வந்து பார்த்தார்கள். பேரிடர் நிவாரண விதிப்படி ஓரளவு சேதமான கல் வீட்டுக்கு 6,500 ரூபாய் உண்டு, ஆனால் சேதம் குறைந்தது 15 சதவீதமாவது இருக்க வேண்டும். எங்களுக்குச் சுவர் நின்றது, கூரை நின்றது. கதவு உப்பியது, ஒயரிங் போனது, சாமான் போனது. இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. பின் தெருவில் இரண்டு குடிசைக்காரர்களுக்குப் பணம் வந்தது. அவர்களுக்கு மனு எழுதிக்கொடுத்தது என் பெரிய மகள்தான்.

ஆக, மாடி இல்லாத கல் வீட்டுக்காரர்களுக்கு அரசுப் பணம் அவசரத்துக்குத்தான். வீட்டைத் திரும்ப நிமிர்த்துவதற்கு எங்களிடம் இருந்தது ஒரு பாலிசி மட்டுமே. அதுவும் இருப்பதே தெரியாமல் இருந்தோம்.

வீட்டுக்கடன் எடுத்தபோது வங்கியில் கையெழுத்து வாங்கிய காகிதங்களில் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியும் இருந்தது. 2021 ஏப்ரலிலிருந்து பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்க வேண்டிய பொதுவான வீட்டுப் பாலிசி இது. வெள்ளம் அதில் அடிப்படையாகவே சேர்ந்திருக்கிறது, தனியாகக் கேட்கத் தேவையில்லை. கட்டடத்துக்குப் பாலிசி இருந்தால் வீட்டுப் பொருட்களுக்கும் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே உண்டு. எங்களுடையது கட்டடத்துக்கு 20 லட்சம், அதனால் பொருளுக்கு 4 லட்சம். இதைச் சொன்னது வங்கி இல்லை, கணவரோடு வேலை பார்க்கிறவர். டிசம்பர் 4 மதியம் வங்கிக்குப் போன் செய்து பாலிசி எண்ணை வாங்கி, அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலும் போட்டு, போனிலும் சொல்லி கிளெய்ம் எண் வாங்கினோம்.

சேதத்தை மதிப்பிடுகிற காப்பீட்டு சர்வேயர் டிசம்பர் 13-ஆம் தேதி வந்தார். அவருக்கு மாவட்டம் முழுக்க வேலை. ஒன்பது நாள் சேற்றோடு குடியிருக்க முடியாது. அதனால் மின்னஞ்சலில் "படங்கள் இணைத்திருக்கிறோம், சுகாதாரக் காரணத்தால் சுத்தம் செய்யத் தொடங்குகிறோம்" என்று எழுதிவிட்டுச் சுத்தம் செய்தோம். இந்த ஒரு வரி பிறகு மிகவும் உதவியது. படம் எடுக்கும்போது பொருளை மட்டும் எடுக்காதீர்கள். தண்ணீர்க் கோடும் பொருளும் ஒரே படத்தில் விழ வேண்டும். டேப்பை நீட்டி வைத்து எடுங்கள். பிரிட்ஜ், வாஷிங் மெஷின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணை எடுங்கள். நனைந்த பீரோவைத் திறந்து எடுங்கள். தூக்கிப்போடுகிற எதையும் சர்வேயர் பார்க்கும் வரை ஒரு மூலையில் வைத்திருங்கள், நாறினாலும்.

நாங்கள் கேட்டது பொருளுக்கு 1,86,000, கட்டடத்துக்கு 88,000. பிப்ரவரி மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. பொருளுக்கு 97,000, கட்டடத்துக்கு 61,000. அடுப்படிச் சாமான் அத்தனையும் கழித்திருந்தார்கள். கிரைண்டர், மிக்ஸி, அடுப்பு, கீழ் அலமாரி மரவேலை. காரணம், அந்த அறையில் தண்ணீர் எந்த உயரம் நின்றது என்பதற்கு ஆதாரமில்லை, பொருளும் இல்லை.

பக்கத்து அறையில் மூன்றே முக்கால் அடி நின்ற தண்ணீர் அடுப்படி வாசலில் நின்றுவிடுமா? இதைப் படித்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபத்தில் எழுதிய முதல் கடிதத்தை அனுப்பாமல் வைத்துவிட்டோம். இரண்டாவதை ஆதாரத்தோடு எழுதினோம். ஒன்று, எலக்ட்ரீஷியன் ரசீது. அடுப்படியில் எந்தெந்த பிளக் பாயிண்ட் மாற்றினார், அவை தரையிலிருந்து எத்தனை அடி என்று அவரிடமே எழுதி வாங்கினோம். இன்னொன்று தம்பி போனிலிருந்து வந்தது. டிசம்பர் 2 சாயங்காலம் மாடி வீட்டுக்குக் கிளம்பும் முன் என் சின்ன மகள் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். அடுப்படியில் எவர்சில்வர் குண்டான் மிதக்கிறது, பின்னால் கிரைண்டர் பாதி முங்கி நிற்கிறது. மேலே நேரம், 5.52. என் போன் நனைந்து போனதில் அந்தப் படமும் போயிருந்தது. தம்பிதான் மார்ச் மாதம் எதையோ தேடும்போது பார்த்து அனுப்பினான்.

அதை வைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார்த் தளமான பீமா பரோசாவில் புகார் பதிந்தோம். அதிலும் நடக்கவில்லை என்றால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அதுதான். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, நிறுவனத்தின் கடைசிப் பதில் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அங்கே போகப்போகிறோம் என்று புகாரில் ஒரு வரி சேர்த்திருந்தோம். போகத் தேவைப்படவில்லை. மே மாதம் கூடுதலாக 41,000 வந்தது.

கட்டடத் தொகை 61,000 எங்கள் கைக்கு நேரே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடன் உள்ள வீடு என்பதால் வங்கியின் பெயரில் போகிறது. பழுது பார்த்த ரசீதுகளைக் காட்டி, எழுதிக் கேட்டு, மூன்று நடை நடந்த பிறகு எங்கள் கணக்குக்கு மாற்றினார்கள். கேட்காமல் இருந்திருந்தால் கடனில் கழிந்திருக்கும். அதுவும் நட்டமில்லை, ஆனால் எலக்ட்ரீஷியனுக்கும் தச்சருக்கும் அன்றைக்குப் பணம் வேண்டுமே. தவணைக்கு அவகாசம் கேட்டதில் இரண்டு மாதம் கிடைத்தது. அந்த இரண்டு மாதமும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது, அதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். பிப்ரவரி வரை குடும்பம் ஓடியது என் வளையல் இரண்டை வைத்து வாங்கிய நகைக்கடனில்தான். மே மாதம்தான் மீட்டேன்.

வண்டி விஷயம் சுருக்கமாக. தண்ணீரில் நின்ற வண்டியைத் தயவுசெய்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எதிர் வீட்டுக்காரர் காரில் சாவியைத் திருகினார், எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி உடைந்தது. முழுக் காப்பீடு இருந்தும் எஞ்சின் பாதுகாப்பு என்கிற கூடுதல் பிரிவைச் சேர்க்காததால் அந்தச் செலவு அவர் தலையில் விழுந்தது. அப்படியே இழுத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோயிருந்தால் பெரும்பகுதி கிடைத்திருக்கும்.

ஆவணங்களில் ஆதாரும் ரேஷன் அட்டையும் சுலபமாகக் கிடைத்தன. பட்டா ஆன்லைனில் எடுத்துக்கொண்டோம். பத்திரம் வங்கியில் இருந்ததால் பிழைத்தது. பெரிய மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்தான் கூழாகிவிட்டது. இயற்கை இடர்பாட்டில் பள்ளிச் சான்றிதழ் இழந்ததற்கென்றே வருவாய்த் துறை ஒரு சான்று தருகிறது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அதை வைத்து நகல் வாங்கினோம். இது பல பேருக்குத் தெரியவில்லை.

தம்பிக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை, அந்த 5,000 தவிர. வாடகை வீட்டுக்கு என்ன இன்சூரன்ஸ் என்று நினைத்துவிட்டான். இதே பாலிசியை வீட்டுப் பொருளுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம், வாடகைக்கு இருக்கிறவர்களும் எடுக்கலாம். இப்போது எடுத்திருக்கிறான்.

நாங்களும் இந்தத் தடவை பாலிசியைப் படித்துப் பார்த்துப் புதுப்பித்தோம். மழைக்கு முன் புரட்டாசியில் வீடு முழுக்க அறை அறையாக ஒரு வீடியோ எடுத்து, என் போனில் ஒன்று, தம்பி போனில் ஒன்று வைத்திருக்கிறோம். பிரிட்ஜ் ரசீது, டிவி ரசீது எல்லாம் அதோடு. படுக்கை அறைக் கதவுக்குப் பின்னால் அந்தத் தண்ணீர்க் கோட்டில் ஒரு சாண் அளவுக்குப் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருக்கிறோம். பிளக் பாயிண்ட் எல்லாவற்றையும் நாலரை அடிக்கு ஏற்றியாகிவிட்டது.

மே மாதம் வந்த 41,000-இல் முதலில் கிரைண்டர் வாங்கினோம். கடைக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு போனோம். வீட்டில் இறக்கியதும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன், "இரு, படம் எடுத்துக்கோ" என்றார்.